எட்டாவது பாய்

கப்பல் வெள்ளவத்தைக்கு வரும். வராவிட்டால் தானும் வருவதில்லை.

பற்றிக் இப்படி ஒரு முடிவை எடுத்து, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தனக்குத்தானே இரண்டு தரம் சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். கதவைத் திறந்தால் எதிரே றோஸி நின்றாள்.

"உள்ளுக்கை ஆரோட கதைச்சனீங்கள்?"

"ஒருத்தரோடயும் இல்லை. சவர்க்காரம் முடிஞ்சுது எண்டனான்."

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் இப்படித்தான் தோற்கிறான் என்று பற்றிக்குக் கசப்பாக இருந்தது. புயலில் இல்லை, போரில் இல்லை. ஒரு சவர்க்காரத்தில்.

கொட்டாஞ்சேனை வீட்டில் அவர்கள் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை வெள்ளவத்தையில் மகள் வாங்கியிருக்கும் ஃபிளாற்றுக்குப் போகவேண்டும். நாலாவது மாடி, இரண்டு அறை. அதற்காக றோஸி ஒரு சட்டம் போட்டிருந்தாள்: உதவாத சாமான் ஆளுக்கு ஒன்றே ஒன்று கொண்டுவரலாம்.

"நான் அப்பான்ர கப்பலைக் கொண்டு வாறன்" என்றார் பற்றிக். "நீர் என்னத்தைக் கொண்டு வாறீர்?"

"நான் உங்களைக் கொண்டு வாறன்."

கப்பல் அலுமாரிக்கு மேலே இருந்தது. இரண்டடி நீளம், இரண்டு பாய்மரம், எட்டுப் பாய். பற்றிக்கின் தகப்பன் சவிரிமுத்து வேப்பம் பலகையில் செதுக்கி, மாச்சாக்குத் துணியில் பாய் தைத்துச் செய்தது. சவிரிமுத்து வாலிபத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து அப்படியொரு கப்பலில் அரிசியும் மரமும் ஏற்றிப் போய்வந்தவர். பிறகுதான் கொழும்புத் துறைமுகத்தில் வேலை கிடைத்து கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அவருடைய மகனுக்குக் கடல் என்றால் காலிமுகத்திடலில் இறால் வடை. சரக்குக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தும் பற்றிக் கப்பல்களைக் கடதாசியில்தான் கண்டிருந்தார்.

தெருமுனையில் தளபாடக் கடை வைத்திருக்கும் மஜீட் நானா ஞாயிற்றுக்கிழமை பழைய கட்டிலைப் பார்க்க வந்தவர், கட்டிலை விட்டுவிட்டுக் கப்பலையே பார்த்தார்.

"இது சும்மா தானே ஈக்கிது? தாங்களேன், கடைக் கண்ணாடிக்குள்ள வெச்சா நல்லா ஈக்கும்."

"அது குடும்பச் சொத்து" என்றார் பற்றிக்.

மஜீட் நானா போனபின் றோஸி போஞ்சியை வெட்டிக்கொண்டே சொன்னாள். "குடும்பச் சொத்தெண்டால் அதின்ர பாயளுக்குப் பேர் தெரியுமோ? பேர் தெரியாத சாமான் உங்கட சாமானில்லை. எட்டுப் பாயின்ர பேரும் சொன்னால் கப்பல் வெள்ளவத்தைக்கு. இல்லாட்டி மஜீட் நானாட்டை."

பற்றிக்குக்கு இரண்டு பெயர்தான் நினைவிருந்தது. பெரிய பாய். அதற்கு மேலே காவி. மற்றவற்றை அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! சாப்பாட்டு மேசையில், மழை பெய்யும் பின்னேரங்களில், மின்சாரம் நின்றபோதெல்லாம். மகன்தான் ரேடியோவில் கிரிக்கெற் ஸ்கோரைக் கேட்டுக்கொண்டு, "ஓம் அப்பா, ஓம்" என்றிருந்தான். அந்த ஸ்கோரில் ஒன்றுகூட இன்று நினைவில்லை.

ஆனால் றோஸிக்கு மட்டும் தெரியுமா என்ன? புதுக்கடைக் கோட்டில் வழக்கு விசாரணைகளை இருபத்தெட்டு வருடம் சுருக்கெழுத்தில் எழுதினவள். கடலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பற்றிக் குடைக்கம்பை எடுத்தார். முகத்தை மாலுமி மாதிரி வைத்துக்கொண்டார்.

"இது பெரிய பாய். மேலை, காவி. முன்னுக்கு நிக்கிறது..." சுவர்க் கலண்டரில் அந்தோனியார் தெரிந்தார். "அந்தோனியார் பாய்."

"அவர் கப்பலிலயும் ஏறினவரோ?"

"மாலுமியள் பக்தியான ஆக்கள். அடுத்தது கொடிப் பாய். இது சுக்கான் பாய். இது... பேலியகொடைப் பாய்."

"என்ன பாய்?"

"பேலியகொடைப் பக்கத்துக் காத்தைப் பிடிக்கிற பாய்."

"அங்கத்தை மீன் சந்தை மணத்தையும் பிடிக்குமோ?"

"ஏழாவது நீளப் பாய். கடைசியில சின்னனா நிக்கிறது, பிள்ளைப் பாய்."

றோஸி கத்தியை வைத்துவிட்டு, கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள். சந்தைச் சாமான் எழுதுகிறாள் என்று பற்றிக் நினைத்தார். அன்றிரவு குறட்டையோடு தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மஜீட் நானா கட்டிலைக் கழற்ற வந்தார்.

"நானா, இருங்கோ. இவர் கப்பலைப் பற்றிச் சொல்லுவார், கேளுங்கோ" என்றாள் றோஸி. "சொல்லுங்கோவன், அண்டைக்கு எனக்குச் சொன்னதை."

சபை கிடைத்தால் பற்றிக் விடுவாரா? குடைக்கம்பு வந்தது. "இது பெரிய பாய், இது காவி. இது கொடிப் பாய். இது வியாகுலப் பாய். இது... நங்கூரப் பாய். ஆறாவது... மழைப் பாய்..."

"கொஞ்சம் நில்லுங்கோ."

றோஸி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கலண்டர்த் தாளை எடுத்தாள். அவளுடைய குரல் மாறியது. அது புதுக்கடைக் குரல்.

"போன ஞாயிறு, காலமை ஒன்பது நாற்பது. சாட்சி சொன்னது: மூன்றாவது, அந்தோனியார் பாய். இண்டைக்குச் சொல்றது: மூன்றாவது, கொடிப் பாய். ஐந்து நாளைக்குள்ள அந்தோனியாரை எந்தத் துறைமுகத்தில இறக்கினீங்கள்?"

"அது..."

"பேலியகொடைக் காத்தும் நிண்டுபோச்சுது போல."

மஜீட் நானா வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் சட்டத்துக்குப் பின்னால் குனிந்தார். சட்டம் குலுங்கியது.

பற்றிக் குடையை மூலையில் சாத்தினார். "எனக்குத் தெரியாது, றோஸி. அப்பா சொன்னவர். நான் கேக்கேல்லை. அவ்வளவுதான்." மஜீட் நானாவைப் பார்த்தார். "கொண்டு போங்கோ, நானா."

சொல்லிவிட்டு அவர் கப்பலைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் தெரிந்த தன் முகம் அப்பாவுடையதைப் போலவே இருந்தது. முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்ட மகன்.

"அது உங்களுக்கில்லை, நானா. கப்பலுக்கு ராத்திரியே பெட்டி ஆயத்தம், இப்ப காட்டுறதுக்கு மட்டும் வெளியில வைச்சிருக்கு" என்றாள் றோஸி. மூலையில் ஒரு காட்போட் பெட்டி. உள்ளே அவளுடைய பழைய கோட்டுச் சேலைகள் மெத்தை மாதிரி விரித்திருந்தன. பெட்டியின் மேல் "வெள்ளவத்தை, கவனம்" என்று எழுதியிருந்தது.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். மஞ்சள் பூத்த கொப்பி. முழுக்கப் பூச்சி ஊர்ந்தது போன்ற சுருக்கெழுத்துக் கோடுகள்.

"மாமா கடைசி வருஷம் படுக்கையில கிடக்கேக்க, நான் கோட்டால வந்து பக்கத்தில இருப்பன். 'எழுது பிள்ளை' எண்டுவார். பாய் எட்டும் இதுக்குள்ள இருக்கு."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

பற்றிக் கொப்பியைப் புரட்டினார். ஒரு கோடும் புரியவில்லை. "வாசியும்!"

"நாளுக்கு ஒண்டு. வெள்ளவத்தைக்குப் போனபிறகு. காலமைத் தேத்தண்ணி நீங்கள் போட்டால்."

வெள்ளவத்தை பல்கனியிலிருந்து றெயில் பாதைக்கு அப்பால் கடல் தெரிந்தது. கப்பல் அதைப் பார்த்தபடி நின்றது. ஒவ்வொரு காலையும் பற்றிக் தேத்தண்ணி கொண்டுவந்தார், றோஸி வாசித்தாள். கப்பலின் முன்மூக்கான அணியத்தில் இரண்டு முக்கோணப் பாய். மழை நாளில் அவற்றின் ஒதுக்கில்தான் கறி வைப்பார்கள். முன்மரத்தில் முன்பாய், முன்காவி. பிறகு பெரிய பாய். அதைத் தைக்க எட்டுப் பேர், மூன்று நாள். அதற்கு மேலே காவி. உச்சியில் தபர் என்ற பாய், அதைச் சுருட்ட ஏறிய அன்றுதான் சவிரிமுத்து முதன்முதலாகத் தாயை நினைத்து அழுதாராம். அப்பா அழுவார் என்பதே பற்றிக்குத் தெரியாது. அன்று தேத்தண்ணி ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் பற்றிக் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். பக்கத்தில் மீன் வைத்த மாலு பணிஸும் வைத்தார். கடைசியில் நிற்கும் அந்தச் சின்னப் பாய் ஒன்றுதான் மிச்சம்.

றோஸி கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள்.

"'எட்டாவது, பின்னுக்கு நிக்கிற சின்னப் பாய். பார்க்க வடிவு. சும்மா காத்துக்கே படபடவெண்டு சத்தம் போடும், ஆனால் கப்பலை ஒரு முழம் இழுக்காது. எண்டாலும் அது இல்லாமல் கப்பலைப் பார்க்க எனக்கு மனம் வராது. மாலுமியள் அதுக்கு வைச்ச பேர் மறந்துபோச்சு. பற்றிக் எண்டு எழுது பிள்ளை.'"

பற்றிக் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்பா... உண்மையா அப்பிடிச் சொன்னவரோ?"

"இருபத்தெட்டு வருஷத்தில சொல்லாத ஒரு சொல்லு நான் எழுதினதில்லை."

"எந்த வரி? காட்டும் பாப்பம்."

றோஸி ஒரு கோட்டில் விரலை வைத்தாள். சின்ன வளைவு, கீழே ஒரு புள்ளி. பற்றிக் குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது தன் பெயராகவும் இருக்கலாம். போஞ்சி அரைக் கிலோவாகவும் இருக்கலாம்.

"சரி" என்று றோஸி கொப்பியை மூடினாள். "நாளைக்கு நங்கூரம். தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் குறையுங்கோ."