தீவில் விமானம் இறக்கும் மாப்பிள்ளை

செங்கல்பட்டு
மார்ச் 1976

பினாங்கில் வியாபாரம் செய்துவரும் அன்புள்ள மச்சான் நைனா முகம்மது அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அமானுல்லா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை அக்தர் பேகம், மகள் ஷஹர்பானு மூவரும் ஆண்டவன் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'சுகம்' என்றுதான் எழுதுவேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு 'உயிரோடு' என்பதே போதும் என்று தோன்றுகிறது.

நீங்கள் பானுவுக்குப் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை சௌகத் அலி, தாயார் சம்சாத் பேகத்தோடு வந்து சேர்ந்தார். தங்கமான பிள்ளை. விமானம் ஓட்டுகிறார் என்று நீங்கள் எழுதியபோது, மீனம்பாக்கத்தில் இறங்குகிற பெரிய விமானம் என்று நினைத்துத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நாஸ்தா சாப்பிடும்போது விசாரித்தால், தீவுகளுக்குப் போகிற சின்ன விமானமாம், இறங்குகிற ஓடுபாதை ஐந்நூறு கஜம்கூட இருக்காதாம். "அதுக்கப்பால இன்னா கீது தம்பி?" என்றேன். "கடல், மாமா." "இந்தண்டை?" "அதுவும் கடல்தான்." சொல்லிவிட்டு இன்னோர் இடியாப்பம் எடுத்துப் போட்டுக்கொண்டார். என் பங்கையும் அவர் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நான் துணிக்கடைக்காரன், எதையும் அளந்து பார்த்தால்தான் மனம் ஆறும். ஞாயிறன்று சம்பத்தின் டாக்சியைப் பேசி, மாமல்லபுரம் காட்டுகிறேன் என்று எல்லாரையும் கூட்டிப்போய், ஊரைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு வழியாகக் கடலைப் பார்த்து முடிகிற ஒரு ரோட்டில் கஜக்கோலைப் போட்டு ஐந்நூறு கஜம் அளந்தேன். கடைப் பழக்கத்தில் கஜத்துக்கு நாலு விரல் தாராளமாக விட்டும் அது எனக்குக் குட்டையாகவே தெரிந்தது. மாப்பிள்ளை நிதானமாக விளக்கினார்: எதிர்காற்றில் வரவேண்டும், பாதை தொடங்குகிற இடத்திலேயே சக்கரம் படவேண்டும், தள்ளிப் பட்டால் வீம்பு பிடிக்காமல் மேலே கிளம்பிவிட வேண்டும், பாரம் கூடினால் நிற்பதற்கு நீளமும் கூட வேண்டும். அந்த நீளத்துக்குள் கார் நிற்கிறதா என்று பார்க்க நினைத்திருந்த எனக்கு, பாரம் என்றதும் யோசனை வந்துவிட்டது. வெறும் காரை ஓட்டிப் பார்த்தால் அது ஒரு சோதனையா? "எல்லாரும் ஏறுங்க" என்றேன். "வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் கேட்டால்தானே. சம்பத் காரை நன்றாக விரட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்: "பாய், ஒரு தபா மிதிச்சா பிரேக்கு புடிக்காது. நாலஞ்சு தபா மிதிச்சாத்தான் கேக்கும்." அதற்குள் எல்லைக்கு நான் போட்டுவைத்த வெள்ளைத் துணியைத் தாண்டிவிட்டோம். எதிரே மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர். என்னையறியாமல் "அல்பாத்திஹா!" என்று கத்தினேன். பின்சீட்டில் பெண்கள் மூவரும் கையேந்தி ஓதினார்கள். சம்பத்தும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டான். முன்சீட்டில் நடுவே இருந்த மாப்பிள்ளைதான் ஓதிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து, சாவியைத் திருப்பி, கைப்பிரேக்கை இழுத்தார். அலை வந்து டயரை நனைக்கிற இடத்தில் கார் நின்றது. பிழைத்த சந்தோஷத்தில், பானுவுக்குக் காரில் குமட்டாமல் இருக்க வாங்கிய கற்கண்டை எல்லார் வாயிலும் நானே போட்டேன்.

அதுதான் வினையாகிவிட்டது. சம்சாத் பேகம் கீழே இறங்கி உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு, "முடிஞ்சிடிச்சி சம்பந்தி! பொண்ணூட்டார் வாயாலயே பாத்திஹா ஓதியாச்சு, இனிப்பும் துன்னாச்சு. இனிமே இன்னா பேச்சு?" என்றார். நம் வழக்கத்தில் சம்பந்தம் பேசி முடிப்பது அப்படித்தானே, நான் என்ன சொல்லி மறுப்பேன்? மறுநாளே பள்ளிவாசல் தெருவில் ஆளாளுக்கு எனக்கு முபாரக் சொல்கிறார்கள்.

மச்சான், பிள்ளை மேல் குறையில்லை. ஆனால் கார் மணலில் ஓடியபோது என் நெஞ்சு பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அதைப் பானு தினம் தினம் படவேண்டுமா? சாயங்காலமானால் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதற்கா அவளை வளர்த்தேன்? எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அடுத்த வாரம் தாயும் மகனும் பினாங்கு திரும்புகிறார்கள். விமானம் ஓட்டுகிறவர் கப்பலில்தான் போகிறார் என்பதையும் கவனியுங்கள். அங்கே வந்ததும், அது பயத்தில் ஓதிய பாத்திஹா, நிச்சயத்துக்கு ஓதியதல்ல என்று மனம் நோகாமல் எடுத்துச் சொல்லி, பேச்சை ஆரம்பித்த நீங்களே நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் சலாம். உங்கள் ஆயுளிலும் தொழிலிலும் ஆண்டவன் பரக்கத் செய்வானாக.

அமானுல்லா

பி.கு.: மேலே கண்டதை அடித்துவிட்டு, நிக்காஹுக்கு நீங்கள் எந்த மாதம் வர வசதிப்படும் என்று மட்டும் பதில் எழுதுங்கள். வேறு நீல ஏர்மெயில் காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். ஒட்டுவதற்குமுன் பானுவுக்குப் படித்துக் காட்டினேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "அத்தா, பயத்துல ஓதினது நீங்க. நான் இவரே எனக்கு வரணும்னு மனசுல நிய்யத்து வச்சு ஓதினேன்" என்றாள்.