வள்ளி, தெய்வானை உட்பட மூன்று பேர்

திருத்தணி,
பார்த்திப வருஷம், ஆடிக் கிருத்திகை கழிந்த நாலாம் நாள்.

மகாராஜராஜஸ்ரீ பாவா சிவப்பிரகாசம் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் கோதண்டபாணி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம். 'நாங்கள் அனைவரும்' என்று எழுதத்தான் கை வருகிறது. அப்படி எழுதினதால் வந்த வினைதான் இந்தக் கடிதம் என்பதால் நிறுத்திக்கொண்டேன். பள்ளிப்பட்டில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். ஊரெல்லாம் வெல்லக் காப்பி குடிக்கிற காலத்தில், பொங்கலுக்கு அங்கே வந்தபோது அக்கா போட்டுக் கொடுத்த சர்க்கரைக் காப்பி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. போன வருஷம் தாங்கள் அனுப்பிய கே.ஜி.கண்டிகை சந்திராவின் ஜாதகத்தை நான் திருப்பி அனுப்பியதில் தங்களுக்கு மனத்தாங்கல் என்று அக்கா எழுதியிருந்தாள். பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை, பாவா. நாற்பத்து மூன்று வயது வரை தனியாக இருந்து பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற நான், எனக்கென்று ஒரு ரேஷன் கார்டு வாங்கப் போனேன். கார்டு எழுதும் கொட்டகையில் குமாஸ்தா பக்தவச்சலம், நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனுஷர், விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பார்த்து, மனைவி பேர் எழுதும் இடம் காலியாக இருக்கிறதே என்றார். மனைவி இல்லை என்றேன். "இல்லன்னா அதுக்காக காலியா வுடறதாங்க? காலியா வுட்டா பாரம் மேல போவாது" என்றார். இல்லை என்றே எழுதுங்கள் என்றேன். அப்படி எழுதி அவருக்குப் பழக்கமில்லையாம். மலைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வள்ளி என்று எழுதினார். வள்ளியை மட்டும் எழுதினால் இன்னொரு அம்மாள் கோபித்துக்கொள்வாள் என்று பக்கத்திலேயே தெய்வானை என்றும் எழுதினார். "எடத்த ரொப்பத்தாங்க, யாரு வந்து பாக்கப்போறாங்க" என்றார். சாமி பேராயிற்றே, அடிக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அது என் தப்புதான்.

மூன்று பேருக்கென்று கார்டு வந்தது. ரேஷன் கடை ஹயாத் பாஷா மூன்று பங்கு சர்க்கரை நிறுத்துப் போட்டார். எனக்கு ஒரு பங்கு போதும் பாய் என்றால், "கார்டுல மூணு பேர் கீறாங்க, ஒருத்தருக்குப் போட்டா மீதிய நான் தின்னுட்டேன்னு என்னைய இல்ல புடிப்பாங்க" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். அடுத்தவர் பங்கை வீட்டில் வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லை. ஆகவே மாதாமாதம் இரண்டு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, கோயில் மடப்பள்ளியில் கொடுத்து, உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

போன வாரம் வீடுவீடாகத் தலையை எண்ணிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். வள்ளி எங்கே என்றார். "மலை மேலங்க." தெய்வானை? "அவங்களும் மலை மேலதாங்க." எப்போது இறங்கி வருவார்கள்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலில் கூடின அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பது அவர் உத்தியோகம். கார்டைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு மனைவி கிடையாது என்று குடும்பஸ்தர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பத்திரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் பொய்க் கார்டு கேஸ் என்று சொல்லிவிட்டார். பாவா, எனக்கு உறைக்கிறது இதுதான். பெண்டாட்டி இருக்கிறவன் இருக்கிறாள் என்று வாயால் சொன்னால் போதும். இல்லாதவன், இல்லை என்பதற்குச் சாட்சி கொண்டாரணுமாம். அந்தச் சாட்சியும் கல்யாணம் ஆனவனாத்தான் இருக்கணுமாம், தனி ஆள் பேச்சு செல்லாதாம். ஏன், எனக்குப் பசி மட்டும் பாதியா எடுக்குதா?

மருத்துவச்சி குப்பம்மாள் பாடு இன்னும் மோசம். இந்த ஊரில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தினவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்குப் பாரமே கொடுக்கவில்லை, கனகம்மாசத்திரத்தில் இருக்கிற அண்ணன் கார்டில் போய்ச் சேர்ந்துகொள் என்று அனுப்பிவிட்டார்கள். "புள்ள பொறக்கச்சொல்ல எங்க அண்ணனையா கூப்புடறீங்க? எனக்கும் ஒரு வயிறு கீது, அதுக்கு ஒரு கார்டு குடு" என்று கொட்டகை வாசலிலேயே கேட்டாள். பக்தவச்சலத்தின் மூன்று பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தவள் அவள்தான். அவளுக்கும் எனக்கும் சேர்த்து மேலிடத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். இருபது வருஷத்தில் என் பெயரில் நான் எழுதின முதல் மனு.

பத்திரத்தில் ஹயாத் பாஷா ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது தங்களுடையது. நான் பிரம்மச்சாரி என்பதைத் தங்களைவிட அறிந்தவர் யார்? அதைச் சொல்லித்தானே என்னை இத்தனை காலமும் திட்டுகிறீர்கள். நாணயஸ்தர் என்று பள்ளிப்பட்டே சொல்லுகிற தங்கள் கையெழுத்து விழுந்தால் நான் மானத்தோடு தப்பிப்பேன். பத்திரம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். என் கார்டில் குடியிருந்த இரண்டு அம்மாள்களும், அவர்கள் அகத்துக்காரரும், தங்கள் குடும்பத்தைக் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
கோதண்டபாணி (ஒரு நபர்).

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார், கையில் பள்ளிப்பட்டு ரிஜிஸ்தர். படித்துக் காட்டினார். தங்கள் கார்டில் ஆறாவது பெயர் கோதண்டபாணி, மைத்துனன். ஏழாவது பெயர் சந்திரா, மேற்படியார் மனைவி. ஜாதகம் அனுப்பின மாதத்திலிருந்தே எங்கள் இரண்டு பேர் சர்க்கரையும் ஒழுங்காக வாங்கப்பட்டு வருகிறது. "இந்த மூணாவது சம்சாரம் எந்த மலை மேல?" என்று கேட்டார். எனக்குப் பொங்கல் காப்பி ஞாபகம் வந்தது. அந்த டம்ளரில் ஒரு ஸ்பூன் என்னுடையது, ஒரு ஸ்பூன் அந்தப் பெண்ணுடையது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, பாவா. பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், தங்கள் கையெழுத்து இனிச் செல்லாதாம். முதலில் என்னைத் தங்கள் வீட்டிலிருந்து வெளியே அனுப்புங்கள். சந்திராவையும் அனுப்பிவிடுங்கள், அவரவர் வீட்டுக்கு, தனித்தனியாக.