பெரிய மச்சானுக்கு, டிரவுட் மீன் விஷயத்தில் என் தரப்பு நியாயம்

மதிப்பும் மரியாதையும் ஒருங்கே உடைய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் பெரியவர்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நான் நலமாக இல்லை. நானே சுட்ட ரொட்டியை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். போன வாரம் கைப்பெட்டியோடு உங்கள் வீட்டில் வந்து இறங்கிய உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவளுக்குத்தான். என்மேல். அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு இந்த வயதில் ஒரு தொடுப்பு இருப்பதாக உங்கள் தங்கை நினைக்கிறாள். வாய் திறந்து அவள் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். போர்வைக்குள் குறட்டை விடுகிறவனின் கால் விரலைப் பார்த்தே இவன் டிக்கெட் இல்லாதவன் என்று கண்டுபிடித்திருக்கிறேன். கட்டின மனைவி முகத்தில் இருப்பது எனக்குத் தெரியாதா?

எல்லாவற்றுக்கும் காரணம் கீழ்வீட்டுப் பல் டாக்டர். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மறுவாரமே வந்து, "சார், ஆத்துக்கு வர்றீங்களா? டிரவுட் பிடிக்கலாம்" என்றார். புழு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பல் விளக்காமல் வந்த நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "புழுவா? சே! பொய்ப்பூச்சி சார், பொய்ப்பூச்சி!" என்றார். அதாகப்பட்டது மச்சான், டிரவுட் என்பது குளிர்ந்த ஆற்றில் கல்லிடுக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீன். தண்ணீர்மேல் வந்து விழும் பூச்சிகளைத் தின்னும். நாம் ஒரு கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி வேஷம் கட்டி, அது தானாகவே வந்து விழுந்தது போல நைசாகத் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்த ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பக்தியோடு இதைச் செய்கிறார்கள், பேசினால் முறைக்கிறார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "தாராளமா போயிட்டு வாங்க" என்றாள். அதோடு விட்டாளா? "எல்லா நாளும் போகலாமா, இல்ல ஞாயித்துக்கிழமை மட்டுந்தானா?" என்று கேட்டாள். போட்டு வாங்குகிறாள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வசந்த காலத்தில் மீன் பிடிக்க ஆற்றைத் திறந்துவிட்டார்கள். இந்தத் தூண்டிலை முன்னால் வீச வேண்டுமானால் முதலில் பின்னால் வீச வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று மீனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முதல் வாரம் மரங்களைப் பிடித்தேன். பிறகு என் தொப்பியை. பிறகு கரையில் யாரோ உலர்த்தியிருந்த போர்வையை, அதைப் போர்வைக்காரி வந்து என்னோடு சேர்த்து இழுத்தாள். கடைசியில் பல் டாக்டரின் இடது காதைப் பிடித்தேன். ஊரிலுள்ள அத்தனை வாயிலும் கையை விட்டு "வலிக்காது, வலிக்காது" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன், கொக்கியை நான் லேசாகத் திருகியதற்கே அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறினார். "வலிக்காது டாக்டர்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை.

சிக்கலுக்கு வருகிறேன். பொய்ப்பூச்சி கட்டி முடித்ததும் நூல் அவிழாமலிருக்க முடிச்சின்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்க வேண்டும். உலகமெங்கும் உள்ள வழக்கம் இது, நான் கண்டுபிடித்ததில்லை. என் கோட்டைத் துவைக்க எடுத்த உங்கள் தங்கை, பையிலிருந்து நெயில் பாலிஷ், தங்க ஜரிகை நூல், ஒரு சின்னக் கத்தரிக்கோல் மூன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"என்னங்க இது?"

"பூச்சிக்கு."

"நெயில் பாலிஷா?"

"கழுத்துல ஒரு சொட்டு வெச்சா போதும். அசையாது."

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு, "மூடியை இறுக்கி மூடி வைங்க, துணியில கொட்டிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தவில்லை, அழவில்லை, ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. மச்சான், டிக்கெட் இல்லாதவனை நான் முதல் ஸ்டேஷனிலேயே பிடிக்க மாட்டேன். சிரித்துவிட்டு நகர்ந்து போய், மூன்றாவது ஸ்டேஷனில் கையும் களவுமாகப் பிடிப்பேன். என் வித்தையை என்னிடமே காட்டுகிறாள் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

கோடையில் நிலைமை மோசமானது. வெயில் ஏறினால் டிரவுட் கல்லுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னும், இருட்டுகிற நேரத்திலும்தான் மேலே வந்து வாய் வைக்கும். ஆகவே நான் இருட்டில் போய் இருட்டில் வந்தேன். இதை எந்த மனைவி நம்புவாள்? உங்கள் தங்கை எனக்காக அலாரம் வைத்து எழுப்பினாள், நான் எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கு ரொட்டியும் முட்டையும் கட்டிக் கொடுத்தாள், இன்னொரு வாய் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒருநாள், "அவ்வளவு தூரம் போயிட்டுப் போயிட்டு வர்றீங்களே, ராத்திரி அங்கயே தங்கிட்டு வந்தா என்ன?" என்றாள். எலிப்பொறியில் வைத்த வடை அது. நானா விழுவேன்? அன்றிலிருந்து கொட்டுகிற மழையிலும் வீடு வந்து சேர்ந்தேன், கதவைத் தட்டி அவளை எழுப்பி, "வந்துட்டேன், நேரத்தைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

அந்தக் கோடையில்தான் மச்சான், நான் பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்த நேரம். என் பூச்சி மிதந்து வந்த இடத்தில் ஒரு சின்னச் சுழிப்பு, அவ்வளவுதான், கம்பு வளைந்தது, எனக்குத் தலை கால் புரியவில்லை. கையில் எடுத்தால் சில்லென்று, என் முழங்கை நீளத்துக்கு, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கல்யாணத்தன்று உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி அடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஆற்றுப் பகுதியில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட வேண்டும் என்று சட்டம். கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்தேன். வாலால் என் முகத்தில் ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து, "பிடிச்சிட்டேன்!" என்றேன்.

"எங்க?"

"விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. யாரு கழுவுறது?"

சாட்சிக்குப் பல் டாக்டரைக் கூப்பிட்டால், அந்தாள் அந்த நேரம் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாராம், எதையும் பார்க்கவில்லையாம். காதுக்குப் பழி வாங்கிவிட்டார். நீங்களே யோசியுங்கள். ஒருத்தன் தினமும் இருட்டில் கிளம்புகிறான், இருட்டில் திரும்புகிறான், வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறான், முகம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் மீனுக்கு நாக்கு நீண்டுவிடுகிறது. செம்பழுப்பு நிறப் பூச்சியைத் தவிர எதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. பூச்சி கட்டப் பல் டாக்டரிடம் இருந்த செம்பழுப்பு முயல் ரோமம் தீர்ந்துபோயிருந்தது. நான் என்ன செய்வேன்? கடைத்தெருவில் பெண்கள் பியூட்டி பார்லருக்குள் நுழைந்து, கூட்டிப் பெருக்கிய முடியில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். நாற்காலியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்த பெண்மணி துண்டோடு எழுந்து ஓடிவிட்டாள். கடைக்காரி கெட்டிக்காரி, அசரவில்லை, "எந்தக் கலர் சார்?" என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, காகிதப் பையில் வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் உங்கள் தங்கை என் ஸ்வெட்டர் தோளிலிருந்து நீளமாகச் செம்பட்டை முடி ஒன்றை இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "பூச்சிக்கா?" என்று கேட்டுவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள். எவ்வளவு பெரிய குத்தல் பாருங்கள்! நான் ஆடிப்போய்விட்டேன்.

அதன்பிறகு குளிர்காலம். மீன் முட்டையிடுகிற பருவம் என்று ஆற்றை மூடிவிட்டார்கள். போனது போகட்டும், இந்தக் குளிர்காலத்தில் என் ஒழுக்கத்தை நிரூபித்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். மச்சான், ஒரு நிமிஷம்கூட உங்கள் தங்கையை விட்டு நான் நகரவில்லை. அவள் சமைத்தால் பக்கத்தில் நின்று தீயைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தால் கூட்டச் சொன்னேன், அலமாரியிலிருந்த டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக மாற்றி அடுக்கிக் கொடுத்தேன், உப்பு எங்கே என்று அவள் தேடினால் முதலில் எந்த உயரம் என்று யோசிக்கச் சொல்லிக் கொடுத்தேன், மதியம் அவள் கண்ணயர்ந்தால் தோளைத் தட்டி எழுப்பி வாசல் கதவைத் தாழிட்டாயா என்று கேட்டேன், உங்களோடு போனில் பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் விட்டுவிட்ட விவரங்களை எடுத்துக் கொடுத்தேன், அது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சாப்பாட்டு மேசையிலேயே பூச்சி கட்டினேன். சூப்பில் இறகு விழுந்தது உண்மை, ஆனால் சுத்தமான இறகு, அவள் தலையணையிலிருந்து எடுத்ததுதான். அவளுடைய கம்பளிக் கோட்டின் காலர் ரோமத்தையும் வெளியே தெரியாத இடமாகப் பார்த்துத்தான் வெட்டினேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சோபாவில் கிடந்த கொக்கிமேல் உட்கார்ந்தது அவர் தலையெழுத்து. நான் அவரையும் ஜாக்கிரதையாகக் கழற்றி உயிரோடு விட்டுவிட்டேன்.

தினமும் அவள் ஒரே கேள்வி கேட்டாள். "ஆறு எப்பங்க தொறப்பாங்க?" போன வாரம் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது எனக்கு மனசு உருகிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தொறந்தா எனக்கென்ன? இனிமே நான் எங்கயும் போறதில்ல. கடைசி வரைக்கும் உன் பக்கத்துலயே இருக்கப் போறேன்" என்றேன். அவள் கண் நிறைந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. மனம் மாறிவிட்டாள் என்று நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி வாசலில் இருக்கிறது. "கொஞ்ச நாள் மூச்சு விட்டுக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாள். அவ்வளவு சந்தேகம் நெஞ்சை அடைத்தால் பாவம், மூச்சு எப்படி வரும்?

வீடு வெறிச்சென்று கிடக்கிறது மச்சான். தீயைக் குறை என்று சொல்ல ஆளில்லாமல் வாய் நமநமக்கிறது. டப்பாக்களைப் பழையபடியே மாற்றி வைத்துவிட்டேன். அவள் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, இதை அவளிடம் நேரில் சொல்ல வரவில்லை, உங்களிடம் எழுதவாவது வருகிறது. இன்று காலை தூண்டில், கொக்கி, இறகு, முடி சகலத்தையும் மூட்டை கட்டிப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீங்கள் பெரியவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். உன் புருஷன் கறை படியாத மனுஷன் என்று அவளிடம் சொல்லி வண்டி ஏற்றி விடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல மார்க்கும் நல்ல பற்களும் பெற்று வாழ என் ஆசி. உங்கள் முட்டிவலி குறைய வேண்டுகிறேன். உங்கள் தங்கைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பழுக்கற்ற,
உங்கள் தங்கை கணவன்

பி.கு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்தே போன் வந்தது. உங்கள் தங்கைதான். எடுத்த எடுப்பில், "ஆறு தொறந்தாச்சா?" என்றாள். நான் தூண்டிலைத் தானம் கொடுத்துவிட்ட செய்தியைச் சொன்னேன். "ஐயையோ! யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? போனை வெச்சுட்டு ஓடுங்க, முதல்ல போய்த் திருப்பி வாங்குங்க!" என்று அலறினாள். பல் டாக்டரின் காதுகூட அப்படி அலறவில்லை. நான் பொறுமையாக, உனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றுதானே கொடுத்தேன் என்றேன். "என்ன சந்தேகம்?" என்றாள். சொன்னேன். அப்புறம் சிரித்தாள் பாருங்கள். போன் கைமாறி அக்கா வாங்கிச் சிரித்தார். பின்னால் இருமுவது போல ஒரு ஆண் குரலும் சிரித்தது, அது யார் என்று நான் கேட்கவில்லை. "உங்களையா? உங்களை எவ பார்ப்பா? ஆறு தொறக்குற வரைக்கும் அந்த வீட்டுல என்னால முடியாது சாமி, தொறந்த அன்னிக்கு ஒரு தகவல் சொல்லுங்க, அடுத்த வண்டியில வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. அவளை இப்போது அனுப்ப வேண்டாம், அடுத்த மாதம் ஆறு திறந்ததும் அனுப்பினால் போதும். தூண்டிலைத் திருப்பி வாங்கிவிட்டேன். ஒரே ஒரு உதவி மட்டும். அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஒரு நாள், ஒரு அரைமணி நேரமாவது என்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததா என்று. வந்தது என்றால் உடனே பதில் எழுதவும். வரவில்லை என்றாலும், வந்தது என்றே எழுதவும்.