வகுபடாத ஆட்கள்

ஐம்பதால் வகுத்தார், நாற்பத்தொரு பேர் மிஞ்சினார்கள். நாற்பதால் வகுத்தார், இருபத்தொரு பேர். பதின்மூன்றால் வகுத்தபோது ஒரே ஒருவர் மிஞ்சவே, தொழிற்சாலையின் ஆள்பதிவு அதிகாரி முகம் தெரியாத அந்த ஒருவரை மனதாரத் திட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோரையும் நிறுத்திக் குழுப்படம் எடுக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள 2341 பேரில் ஒருவரும் விடுபடக் கூடாது. வரிசைகளும் சமமாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. படமெடுக்கும் ஆளையும் சிக்கனமாக அவரே ஏற்பாடு செய்துவிட்டார். வரிசை கோணினால் அதிகாரி தன் இருபத்துநாலு வருட வேலைக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

கிடங்குக் கணக்கு எழுதும் அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது பகா எண் சார். எதாலயும் வகுபடாது."

"அப்ப எப்படி நிக்கிறது?"

"ஒரே வரிசையா நிக்கலாம்."

ஓர் ஆள் கூடினால் சரியாகிவிடும் என்று, வேலையில்லாமல் வீட்டில் படுத்திருந்த மச்சினனை வரவழைத்து அவசரமாகச் சேர்த்தார். 2342. அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். இதை இரண்டு வரிசையாகத்தான் நிறுத்த முடியுமாம், வரிசைக்கு 1171 பேர். கடைசி ஆள் பஸ் நிறுத்தத்தில்தான் நிற்பார். சேர்ந்த ஒரு மணி நேரத்தில் மச்சினனை வீட்டுக்கு அனுப்பினார். அன்று மாலையிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை.

ஒருவர் குறைந்தால் 2340. நாற்பத்தைந்து வரிசை, வரிசைக்கு ஐம்பத்திரண்டு பேர். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. யாராவது ஒருவர் லீவு போடலாம் என்று பலகையில் எழுதிவைத்தார். படத்தில் இல்லாதவருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்று அரை மணியில் வதந்தி பரவியது. காலையில், காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடப் போர்வையோடு வந்து சேர்ந்தார்கள்.

வேறு வழியில்லை. தானே லீவு போடுவதாக முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

"லீவு போட்டாலும் நீங்க நம்ம ஆளுதானே? ஒருத்தரும் விடக் கூடாதுன்னு சொன்னேனே. ராஜினாமா பண்ணிடுங்க. நாளைக்குப் புதுசா சேர்த்துக்கறேன்."

புது ஆள் என்றால் இருபத்துநாலு வருடமும் காற்றோடு போயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பத்து மணிக்கு அவர் கம்பி வேலிக்கு வெளியே நின்று எண்ணினார். நாற்பத்துநாலு வரிசையிலும் ஐம்பத்திரண்டு பேர். கடைசி வரிசையில் ஐம்பத்தோரு பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினார். ஓர் இடம் காலியாகவே இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் கேமராவோடு நின்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, இன்னும் ஓர் ஆள் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

"எல்லாரும் வந்தாச்சு சார்," என்றார் அவர். "அது என்னோட இடம். நான் நம்ம பேக்கிங் செக்‌ஷன்தானே, என்னையும் சேர்த்துத்தானே எண்ணினீங்க?"