முன்தேதியிட்ட பட்டதாரி

பொதுமக்கள் வெயிலில் நின்று வாடுவதைத் தவிர்க்கும் உயரிய நோக்கத்துடன், நாமக்கல்லில் இருந்த சான்றிதழ் எளிமையாக்கல் பிரிவு போன மாதம் ஓர் ஆணை போட்டது. இனி யாரும் அலுவலகத்துக்கு வரக் கூடாது. அவரவர் வீட்டில், அவரவர் சொந்தக் கம்ப்யூட்டரில், பிரிவு கொடுக்கும் செயலியைத் திறந்து, விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, அலுவலக வாசலில் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் கொண்டுவந்து போட வேண்டும். அலுவலகத்துக்கு வராமல் அலுவலக வாசலுக்கு மட்டும் எப்படி வருவது என்று யாரோ கேட்டார்கள். அதற்குத் தனி ஆணை தயாராகி வருவதாகப் பதில் சொன்னார்கள். வாசலில் போட்டிருந்த பந்தலை அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். வராத ஆளுக்கு எதற்கு நிழல்?

இந்த ஆணை வந்த நேரம் அம்மாசிக்குச் சரியில்லை. அம்மாசி லாரிகளுக்கு மீட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் மகள் நிலா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரியில் ஒதுக்கியிருந்த சிவில் எஞ்சினியரிங் சீட்டு அவளுக்குக் கிடைத்தது. 'இந்த வீட்டில் இதற்கு முன் பட்டதாரி எவரும் இலர்' என்கிற சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் சீட்டு அவளுக்கு. கொடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த வீட்டில் பட்டதாரி இல்லை என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் தெருநாய் முத்திரை வைத்துக் கொடுக்காது.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. 2009-இல் பிறந்தது. மூடிப்போன ஒரு லாரி ஆபீஸிலிருந்து, பிரிண்டரும் சேர்த்து, மீட்டர் ரிப்பேர் கூலிக்குப் பதிலாக வந்தது. திங்கட்கிழமை காலையில் நிலா அதில் செயலியைப் போட்டு இரண்டு தட்டு தட்டினாள். 'இந்தச் செயலியைத் திறக்க இயலாது' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. இன்னொரு தடவை தட்டினாள். அதே கட்டம், இன்னும் கொஞ்சம் முறைப்பாக.

அம்மாசி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். சரிதா என்கிற பெண் எடுத்தாள்.

"ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணீட்டனுங்க."

"வலது பக்கம் கிளிக் பண்ணி, பழைய கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரின்னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணுங்க."

"டிக் பண்ணியாச்சுங்க. தொறக்கமாட்டீங்குது."

"அழிச்சுட்டு மறுபடியும் போட்டுப் பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்தாச்சுங்க."

"அப்ப உங்க கம்ப்யூட்டர் பழசுங்க."

"செயலி புதுசுங்களா?"

"அதுவும் பழசுதானுங்க. ஆனா ரெண்டும் வேற வேற பழசு." சரிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செயலி 2013-ல செஞ்சது. ரெண்டு வருசத்துக்குத்தான் அனுமதி. அது முடிஞ்சு போச்சுங்க."

"புதுப்பிக்கலாமில்லீங்களா?"

"புதுப்பிக்கறதுக்கு விண்ணப்பம் குடுக்கணுமுங்க. அந்த விண்ணப்பம் இந்தச் செயலிக்குள்ளாறதான் இருக்குது."

"அதைத் தொறக்க முடியாதுங்களே!"

"அதனாலதானுங்க நிலுவையில இருக்குது," என்றாள் சரிதா, பொறுமையாக.

அட கெரகமே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் அம்மாசி. அவர் மனைவி சௌந்திரம், "ஏனுங்க, ஊர்ல இருக்கற வண்டியையெல்லாம் ஓட்டி உடறீங்க. இது ஒரு பொட்டி. இதை ஓட்ட முடியாதுங்களா?" என்று கேட்டாள். அவள் சும்மா ஒரு ஆற்றாமையில்தான் கேட்டாள். ஆனால் அம்மாசிக்குப் பொறி தட்டிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் லாரி விஷயத்தில் அம்மாசியின் கைப்பக்குவம் அப்படிப்பட்டது. பதினோரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அவர் பட்டறைக்குள் போய் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இரண்டே முக்கால் லட்சத்தோடு வெளியே வரும். வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். கணக்காக இரண்டரை என்று வைக்காமல் முக்கால் சேர்த்து வைப்பதுதான் தொழில் தர்மம்.

"சாமி, இந்தப் பொட்டியில தேதி எங்க இருக்குது?"

"கீழ மூலையிலீங்கப்பா."

"அதை 2014-க்குத் திருப்பு."

நிலா திருப்பினாள். 2014, ஜூன் 9. செயலியை இரண்டு தட்டு தட்டினாள். அடேங்கப்பா, கல்யாண மண்டபக் கதவு மாதிரி விரியத் திறந்தது! நிரப்பினார்கள், அச்செடுத்தார்கள். தேதியைச் செயலியே தலைப்பில் போட்டுக்கொடுத்தது. அம்மாசி மத்தியானமே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, வெயிலில் சித்த நேரம் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பிரிவின் கண்காணிப்பாளர் உபகாரசாமி இறங்கினார். கையில் ஒரு ஃபைல், முகமெல்லாம் வேர்வை. அம்மாசி வாசலுக்கு ஓடிவந்து கும்பிட்டார். மீட்டர் திருப்பி மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தார்.

"ஐயா," என்றார் உபகாரசாமி. அரசாங்க ஆள் ஒருவர் அம்மாசியை ஐயா என்றது அதுதான் முதல் தடவை. "உங்க விண்ணப்பம் எங்க பெட்டியில பதினோரு வருசமாக் கெடந்திருக்குது. மன்னிக்கணும்."

"சார், அந்தப் பெட்டியே போன மாசம் வெச்சதுதானுங்களே?"

"பெட்டி எப்ப வெச்சதுன்னு ஃபைல்ல இல்லை. விண்ணப்பத்துல தேதி இருக்குது."

அம்மாசி நல்ல மனுஷன். பிறத்தியார் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். "சார், உண்மையைச் சொல்லீர்றனுங்க. நான்தான் தேதியத் திருப்பி..."

"சொல்லாதீங்க!" உபகாரசாமி காதைப் பொத்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் போட்ட தேதி தப்புன்னு நான் எழுதினா, அதுக்கு ஒரு கமிட்டி போடுவாங்க. கமிட்டி முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

"பாப்பாவுக்கு அப்ப ஆறு வயசுங்க சார்."

"ஆறு வயசுல பிளஸ் டூ முடிச்சிருக்குது. கெட்டிக்காரப் பொண்ணு. வயசுக்குப் படிவத்துல கட்டமே இல்லீங்க, அதனால அது எங்களுக்குத் தெரியாது."

பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. பதினோரு வருடம் தாமதம் என்றால் விசாரணை வரும். தாமதமே இல்லை என்றால் விசாரணை கிடையாது. ஆகவே 2014 ஜூன் 10 என்று தேதி போட்டு, அங்கேயே ஜீப்பின் முகப்பில் வைத்து, முத்திரை குத்திச் சான்றிதழைக் கொடுத்தார் உபகாரசாமி. விண்ணப்பித்த மறுநாளே வழங்கப்பட்டது! அந்த மாதம் மாவட்டத்திலேயே விரைவான சேவை என்று பிரிவுக்கு ஒரு கேடயம் கிடைத்ததாகக் கேள்வி. சௌந்திரம் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பனும் மகளும் கல்லூரிக்குப் போனார்கள். நிலா புதுச் சுடிதார் போட்டிருந்தாள். அட்மிஷன் பார்க்கிற வளவன் சான்றிதழை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையை உற்றுப் பார்த்தார்.

"இந்த சீட்டு உங்களுக்குக் கெடைக்காதுங்களே. உங்கூட்டுல ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கறாங்க."

"எங்கூட்லயா? யாருங்க அது?"

"நிலா, தகப்பனார் பேர் அம்மாசி. 2014-ல சான்றிதழ் வாங்கி நம்ம காலேஜுக்குத்தான் குடுத்திருக்காங்க. நாலு வருசப் படிப்பு. 2018-ல முடிஞ்சிருக்கும்."

"அது இவதானுங்க!"

"ஆமாங்க. இவங்கதான் முதல் பட்டதாரி. இப்ப சேர வந்திருக்கறவங்க ரெண்டாவது."

"ரெண்டும் ஒரே ஆளுங்க!"

"ஆள் எத்தனைன்னு நாங்க பாக்கறதில்லீங்க. வரிசை எண்தான் பாப்போம்."

"2014-ல இங்க படிச்சவங்க ரெஜிஸ்டரை எடுத்துப் பாருங்க. எம்புள்ள பேரு இருக்காது."

"அது மழையில நனைஞ்சு போச்சுங்க. நீங்க படிச்சீங்கன்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்லை. படிக்கலைன்னு சொல்லவும் இல்லை. படிச்சிருக்கணும்னு சொல்ல உங்க சான்றிதழ் இருக்குது."

நிலாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் பாலம் எப்படி நிற்கிறது, தூண் எப்படிச் சுமக்கிறது என்று லைப்ரரியில் போய்ப் படித்துவிட்டு வந்து அப்பனுக்குச் சொன்ன பிள்ளை. அழுகையோடு அழுகையாகக் கோபத்தில் கத்தினாள்.

"நாந்தான் படிச்சு முடிச்சுட்டேன்ல? அப்ப என்னோட டிகிரியக் குடுங்க!"

வளவன் கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார். பட்டத்தை வாங்காமல் போனவர்களுக்கென்று ஒரு விதி இருக்கத்தான் செய்தது. ஏழு ஆண்டுகள் ஆகியும் பட்டத்தை வந்து வாங்கிக்கொள்ளாதது நிலாவின் தவறு என்று ஒரு கண்டிப்பான வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருபதாம் நாள் பட்டம் தபாலில் வந்தது. சிவில் எஞ்சினியரிங், முதல் வகுப்பு.

அவள் அதைப் பிரிக்கவே இல்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். "நான் எப்பப்பா படிக்கறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பட்டம் வாங்கியவர் அதே படிப்பில் மறுபடி சேர எந்தக் கல்லூரியிலும் விதி இல்லை என்பதை அதற்குள் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தார் அம்மாசி. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தார். எம்புள்ளைக்கு நானே குழி வெட்டிட்டேனே என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

தெருவுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. எஞ்சினியர் வீடு என்று பேர் ஆகிவிட்டது. நிலா பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போனதைப் போன மார்ச் மாதம் வரைக்கும் கண்ணால் பார்த்தவர்களே லட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். லட்டுக்குப் பின்னாலேயே மூன்று பேர் வீட்டு பிளான் வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள், எஞ்சினியர் கையெழுத்து வேண்டுமென்று. கையெழுத்து இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காதாம். அந்த மூன்று பேருக்கும் முன்னால் நின்றவர் உபகாரசாமி. ரிட்டயர் ஆவதற்குள் மாடி வீடு கட்டிவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை.

"சார், நான் ஒரு நாள்கூட காலேஜ் போகலை. உங்களுக்கே தெரியுமில்லீங்களா?" என்றாள் நிலா.

"எனக்குத் தெரியும் சாமி. ஃபைலுக்குத் தெரியாதே."

பின்னால் நின்ற மூன்று பேரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். அம்மாசிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், நாளைக்கு ஊடு இடிஞ்சு உழுந்துச்சுன்னா?" என்று கேட்டார்.

உபகாரசாமி வரைபடத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி நிலாவின் பக்கம் நீட்டினார்.

"உழுந்தா என்னங்க? கட்டறதுக்கு முந்தியே உழுந்துருச்சுன்னு ஒரு தேதி போட்டுக்கலாம்."