நின்ற எஞ்சினுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஒழுங்காக ஓடுகிற பொருளைப் பழுது பார்ப்பதில் எனக்கு இணை கிடையாது. கெட்டதைச் சரிசெய்ய ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நல்லதைக் கழற்றத் தனித் துணிச்சல் வேண்டும்.

அது எனக்குப் படித்து வந்ததல்ல. எட்டாம் வகுப்பில் பாதியில் கிளம்பியவன் நான். ராய்ப்பூர் பக்கம் போர்வெல் லாரி, நாக்பூரில் டிப்பர் என்று பன்னிரண்டு வருடம் சுற்றினேன். லாரிக்கு அடியில்தான் படுக்கை. (மழையில் நனையாது, ஆயில்தான் சொட்டும்.) சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது கையில் இருந்தவை ஒரு லைசென்ஸும், எனக்குத் தெரியாத வண்டியே இல்லை என்ற நினைப்பும்தான்.

பெயிண்ட் கடை அண்ணாச்சி அப்போதுதான் புது கார் வாங்கியிருந்தார். கிளட்ச் இல்லாத வண்டி. அவர் மகன் செந்திலுக்கு ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சிவகிரியில் நிச்சயதார்த்தம். அந்த அலைச்சலுக்கெல்லாம் கார் ஓட்ட என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாளே ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்து நின்றேன்; எஞ்சின் அணைந்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகக் கிளம்பியது. பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஒரு ஆட்டுக்காக நின்றேன்; மறுபடியும் அணைந்தது.

"அண்ணாச்சி, வண்டி நின்னா எஞ்சினும் நிக்கி. பேட்டரி வீக்கு."

"புது வண்டில்லாலே?"

"புதுசாப் பொறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா?"

அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் நான் பானட்டைத் திறந்துவிட்டேன். டாஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. புத்தகம் பார்த்து வண்டி ஓட்டுகிறவன் டிரைவரா?

பேட்டரிக் கடைக்காரர் மட்டும் தடுத்துப் பார்த்தார். "இது நின்னு நின்னு கிளம்புத வண்டிவே. இதுக்குன்னு தனிப் பேட்டரி. சாதா தாங்காது."

"நாக்பூர்ல டிப்பருக்கே நான் மாட்டுனதுதான் தாங்குச்சு."

"அப்போ உம்ம இஷ்டம்" என்றார். சர்வீஸ் செய்து வைத்திருந்த பழைய சாதா பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினேன். நல்ல பேட்டரியை நோயாளி என்று அவரிடமே ஒப்படைத்தேன்.

இரண்டே நாளில் அற்புதம் நிகழ்ந்தது. எஞ்சின் எங்கேயும் அணையவில்லை. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. வண்டி எனக்கு நன்றி சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பெயிண்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி, "நம்ம மாரி கைபட்டா சரியாயிரும்" என்று சொல்லத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றவில்லையென்றால் ஆடி கழிந்துதான் பேச்சு என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

கரிவலம்வந்தநல்லூரில் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டுப் போகலாம் என்றார் அண்ணாச்சி. அப்பாவும் மகனும் தேங்காய் தேடிப் போனார்கள். ஏழு தட்டுகளோடும் பட்டுச்சேலையோடும் அண்ணாச்சியின் மனைவி காரிலேயே இருந்தார். எஞ்சினை அணைத்தாலும் மதினிக்கு வேர்க்கக் கூடாதே என்று காற்றை முழு வேகத்தில் வைத்து, பாட்டையும் போட்டேன். தேங்காய் கிடைக்க இருபது நிமிடம் ஆனது.

பட்டனை அழுத்தினேன். டக், டக், டக். பாட்டு நின்றது. காற்றும் நின்றது.

"என்னலே, பாட்டப் போட்டுட்டு வண்டிய நிறுத்திட்ட?" என்றார் மதினி.

கிளட்ச் இல்லாத வண்டி தள்ளினால் கிளம்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. "தள்ளுங்க!" என்றேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அண்ணாச்சி தள்ளினார். டீக்கடையில் நின்ற நாலு பேரும் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் டிராக்டர் மெக்கானிக். பாதியில் கையை எடுத்துவிட்டு பானட்டைத் திறக்கச் சொன்னார்.

"யாருவே இந்தப் பேட்டரிய மாட்டுனது?"

நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன்.

"நிக்கையில எஞ்சின் அணையுதது டீசல் மிச்சம் பிடிக்கதுக்கு. பேட்டரி தெம்பா இருந்தாத்தான் அணையும். அணையலன்னா பேட்டரி சாகப்போகுதுன்னு அர்த்தம்."

"நாலு நாளா அணையவே இல்லயே" என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து. "நாலு பேருகிட்ட பெருமை வேற பேசிட்டேன்லே."

மாப்பிள்ளை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அப்பா, மணி பத்தாகப் போகுது. அவங்கப்பா சொன்னாச் சொன்னதுதான்."

அந்த நேரம் பார்த்து சிவகிரி பஸ் வந்தது. மதினிதான் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். ஏறிவிட்டார்கள். நான் செத்த காரோடு நின்றேன்.

மீதியைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் தட்டு வைக்க இடமில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொன்றாக மடியில் வாங்கிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்த பஸ் டிரைவர் பெண் வீட்டுத் தெரு முனையிலேயே நிறுத்தியிருக்கிறார். மடியில் தட்டு வைத்திருந்த ஏழு பேரும், மாப்பிள்ளை வீட்டார் போலவே இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தட்டு மாறியது. அந்த ஏழு பேரில் மூன்று பேர் சாப்பிட்டுவிட்டே போனார்களாம்.

அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பானட்டுக்குப் பூட்டுப் போட முடியுமா என்று மட்டும் விசாரித்தார்.

செந்திலுக்கு இப்போது ஒரு பையன். பகலெல்லாம் வீட்டை இரண்டாக்குகிறவன். அபூர்வமாக அவன் அசையாமல் தூங்குகிற நேரத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனால், செந்திலின் மனைவி ஓடிவந்து அவன் தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, எனக்குக் கேட்கும்படியே வீட்டாரிடம் சொல்வாள்:

"மெதுவாப் பேசுங்க. பிள்ளை நின்னு போச்சுன்னு மாரியண்ணனுக்குத் தெரிஞ்சா பேட்டரிய மாத்திருவாவ!"