உப்புத்தாள் வீட்டு மஞ்சள் அலமாரி

பெங்களூரில் கைப்பைக்குள் சீப்புக்குப் பக்கத்தில் உப்புத்தாள் வைத்துக்கொண்டு திரிந்த ஒரே பெண்மணி என் எதிர்வீட்டுக்காரிதான். இன்னொருத்தியைக் காட்டினால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

மரத்தைத் தேய்க்கும் அந்தச் சொரசொரப்புத் தாளின் பெயரே அவளுக்கும் நிலைத்துவிட்டது. வைத்தவர் அவள் கணவர். ஒரு வாரத்துக்குள் ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த கட்டடம் முழுக்க அவளை உப்புத்தாள் என்றுதான் கூப்பிட்டது. அவளும் கோபிக்காமல், "என்னா?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

உப்புத்தாளுக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகும் மகள். எதையும் நக்கிப் பார்த்த பிறகே நம்புகிற, யு.கே.ஜி. படிக்கும் சின்ன மகன். அவளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை, கணவருக்குப் பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட். அவர் வரும்போது இவள் கிளம்புவாள். போன் பேசிக்கொண்டே தோசை சுடுவாள், தோசை சுட்டுக்கொண்டே மகளுக்கு ஜடை பின்னுவாள். ஒருநாள் அந்தக் குழந்தை தலையில் தோசைமாவோடு பள்ளிக்குப் போய் வந்தது.

அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கும். போதாததற்கு அலமாரிகள் எல்லாம் கரும்பழுப்பு.

"காலங்காத்தால குகைக்குள்ள போய் சமைக்கிற மாதிரி இருக்குக்கா," என்றாள். "நானே மஞ்சள் பெயிண்ட் அடிக்கப் போறேன்."

"ஆள் வச்சுக்கோயேன்."

"ஆள் எதுக்கு? வீடியோல ஒரு லேடி வீக்கெண்டுல முடிச்சிட்டா."

"அந்த லேடிக்குப் பிள்ளைங்க இருக்கா?"

சற்று யோசித்தாள். "வீடியோல காட்டலியே."

பின்னால் நின்ற கணவர் சிரித்தார். "கிட்டார் கிளாஸ் பாதி, நீச்சல் பாதி, நிட்டிங் பாதி. ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் இருக்கு மேடம். இதுவும் அப்படித்தான் நிக்கும், பாருங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் உப்புத்தாள் அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். இது பெயிண்ட் விஷயம் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அடுத்த மாதம் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் விழா. கோலாரிலிருந்து மாமியார் தலைமையில் ஒரு வேன் நிறைய உறவு வரும். அதற்குள் முடித்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றினாள். எந்தக் கதவின் திருகாணி எது என்று குழம்பாமல் இருக்க, இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கதவின் திருகாணிகளைப் போட்டு வைத்தாள். நான் அசந்துபோனேன். அந்தப் புத்திசாலித்தனம் மதியம்வரை உயிரோடு இருந்தது. ஷிப்ட் முடிந்து பசியோடு வந்த கணவர் எல்லாத் திருகாணிகளையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டு, தட்டில் மாவு ஊற்றிவிட்டார்.

"யாராவது இட்லித் தட்டுல ஸ்க்ரூ வைப்பாங்களா?" என்று அவர் கேட்டது என் வீடுவரை கேட்டது. அவள் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

வாரக் கடைசி முடிந்தது. வேலை முடியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் வழக்கம்போல் வந்து நின்றன. வேறு யாராக இருந்தாலும் கதவுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். உப்புத்தாள் கதவுகளோடு ஊர் சுற்ற ஆரம்பித்தாள். பெரியவை வீட்டில் இருக்கும். சின்னதாக ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, எங்கே கொஞ்சம் நேரம் கிடைக்கிறதோ அங்கே தேய்ப்பாள். பல் டாக்டர் வீட்டு வாசலில் தேய்த்தாள். மகளின் புதுநன்மைக்கான ஞானோபதேச வகுப்பு முடியும்வரை கோயில் மரத்தடியில் தேய்த்தாள். ஸ்கூல் பஸ் நிறுத்தத்தில் மற்ற அம்மாக்களுக்கும் ஆளுக்கொரு துண்டு உப்புத்தாள் கொடுத்து, "சும்மாத்தானே நிக்கிறீங்க?" என்றாள். அவர்களும் தேய்த்தார்கள். அதுதான் அவள் சாமர்த்தியம்.

ஆட்டோக்காரர் மட்டும் மசியவில்லை. "மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் நிறுத்துங்க. தூளெல்லாம் என் மூஞ்சிலதான் வருது!"

"சிக்னல்ல மட்டும் தேய்க்கிறேம்பா," என்று சமாதானம் சொன்னாளாம். பெங்களூர் சிக்னல் அல்லவா? வீடு வருவதற்குள் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில், மேசைக்கு அடியில் கதவைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள். டீச்சர், "உங்க பையன் எழுத்து எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்க, இவள் விரலை ஓட்டிப் பார்த்து, "இன்னும் ரஃப்பாத்தான் மிஸ் இருக்கு. நாளைக்கு நல்லா தேச்சிடறேன்," என்றாளாம். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட சின்னவன் இரண்டு நாள் அம்மா பக்கமே வரவில்லை.

ஒருவழியாகப் பெயிண்ட் அடிக்கும் நாள் வந்தது. கூடவே மழையும் வந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட கதவுகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்தாள். என் சாப்பாட்டு மேசையில் இரண்டு. மூன்றாம் மாடித் தம்பதியின் கட்டிலில் ஒன்று. கீழ்வீட்டுக் கன்னடக்கார அங்கிளின் பூஜை அறைக்கு வெளியே ஒன்று. "தொடாதீங்க, ஊதாதீங்க, ஃபேனைப் போடாதீங்க," என்று உத்தரவு வேறு. அந்த வாரம் முழுக்க நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

புதுநன்மைக்கு முந்தின நாள் கதவுகளை மாட்டினோம். அவள் திருகினாள், நான் பிடித்தேன், கணவர் அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தலைகுனிந்து திருகாணி பொறுக்கிக் கொடுத்தார். எல்லாம் மாட்டியும், அடுப்புக்கு மேலே ஓர் இடம் காலியாக இருந்தது. எண்ணினோம். தேடினோம். பிறகுதான் நினைவு வந்தது: கீழ்வீட்டு அங்கிள் மைசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கதவு உள்ளே, பூட்டு வெளியே.

உப்புத்தாள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளில் அவள் கை சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பாதின்னு சொன்னாரில்லக்கா..." என்றாள்.

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு வாய்க்கொழுப்பு. விடு. என்னால முடியாததை நீ பண்ணியிருக்கே," என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, அக்கா கேக்கட்டும்," என்றாள்.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வேன் வீட்டுக்கு வந்தது. மாமியார் நேராகச் சமையலறைக்குப் போனார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். அவர் ஒரு கதவைத் திறந்தார், மூடினார், தடவினார். காலி இடத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா ஓட்டை?"

"அங்கிள் மைசூர் போயிட்டார் அத்தை."

மாமியார் மருமகளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நல்லா வெளிச்சமா இருக்கு," என்றார். பிறகு, "கோலாருக்கு எப்ப வர்றே? எங்கிட்டயும் பத்துக் கதவு இருக்கு."

கணவருக்குப் புரையேறியது. உப்புத்தாள் முகம் அவள் அலமாரியைவிடப் பளிச்சென்று இருந்தது.

நான் இப்போது வீடு மாறி ஆடுகோடிக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டில் ரொம்ப அமைதியான, நாகரிகமான மனிதர்கள். எதையும் கேட்பதில்லை, எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை. சாப்பாட்டு மேசை எப்போதும் காலியாகவே இருக்கிறது. நான்தான் பல நாள் தட்டை எடுத்துக்கொண்டுபோய் வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.